புல்வெளியில் ஒரு வழி

"போதும்மா. இனி என்னால முடியாது."

சுண்ணாம்பு வாளியைக் கீழே வைத்துவிட்டு நல்லமுத்து புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

தவமணியம்மா அவருக்குக் குரு. வயதில் இளையவர். மழைக்காலம் முடிந்ததும் அவருடைய ஆசிரமத்து ஆட்கள் மலைமேல் இருக்கும் அந்தப் பெரிய புல்வெளிக்கு வந்துவிடுவார்கள். ஒற்றையடிப் பாதையில் மண்டிய புல்லை அறுப்பார்கள். சாய்ந்த கற்களை நிமிர்த்தி வெள்ளையடிப்பார்கள். பனி மூடினால் அந்தக் கற்கள்தான் வழி.

கூலி கிடையாது. அந்த வருஷம் கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக முதுகுவலி, காய்ச்சல் என்று இறங்கிப் போய்விட்டார்கள். மிஞ்சியது இவர்கள் இருவர். பாதி வேலை பாக்கி.

"அறுக்க அறுக்கப் புல் வளருது. அடிச்ச சுண்ணாம்பை மழை கழுவிடுது. கல்லைக் காட்டெருமை உருட்டிடுது. கீழே ரோடும் போட்டாச்சு. யாரும்மா இதுல நடக்கிறாங்க?"

 அம்மாவுக்கும் கை வீங்கியிருந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

பனி இறங்கியது. எதிர் மலை மறைந்தது. பிறகு பக்கத்துப் புல்லும் மறைந்தது.

அவர்கள் வேலை முடித்திருந்த பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தேயிலைத் தோட்டத்துக்காரி. தோளில் துவண்டு கிடந்தது குழந்தை.

"ரோட்டுல மண்ணு சரிஞ்சு பஸ்ஸு வரல சாமி. புள்ளைக்கு உடம்பு கொதிக்குது. அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"இதுக்கு முன்னாடி இந்த வழியா வந்திருக்கியா?" என்று கேட்டார் நல்லமுத்து.

"இல்லையே."

"இந்தப் பனியில எப்படி வந்தே?"

அவளுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"வழிதான் தன்னால போகுதே சாமி. இதுல தப்பிப் போக என்ன இருக்கு?"

நிற்காமல் நடந்தாள். பனி அவளை மூடிக்கொண்டது.

நல்லமுத்துவுக்கு முகம் சுண்டிப்போனது.

"கேட்டீங்களாம்மா? வழி தன்னால போகுதாம்!"

"கேட்டேன்," என்றார் அம்மா. அந்த வாரத்தில் அன்றுதான் சிரித்தார்.

"கல்லு ஒண்ணாவது அவ கண்ணுல பட்டிருக்குமா?"

 பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. பதறிய குரல்.

"சாமி! இங்க வழியைக் காணோமே!"

நல்லமுத்து எழுந்தார்.  வாளியை எடுத்துக்கொண்டு, குரல் வந்த பக்கம் ஓடினார்.

"அங்கேயே நில்லு தாயி," என்று கூவினார். "இனிமேத்தான் போடணும்!"