நாதாங்கி

சிற்றாற்றங்கரை மடத்துக்குச் சீடராக வந்து சேர்ந்தபோது சிவசைலத்துக்கு அறுபது வயது. குரு வேலாயுத அடிகளுக்கு நாற்பதுகூட நிறையவில்லை. ஆயுள் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவர் சிவசைலம். ஒரு சொல்லைக் கண்டால் பிரித்துப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. அடிகள் அவரைப் "புலவரே" என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்து அடிகள் வெளியே வந்ததும் சிவசைலம் பிடித்துக்கொண்டார்.

"சாமி, ஒரு சந்தேகம். தாழ்ப்பாள் போட்டால் அதன் நாக்கு போய் நுழைகிற வளையம் இருக்கிறதே, நாதாங்கி. நாவைத் தாங்குவது என்று பெயர்."

"சரி."

"விழாமல் ஏந்திக்கொள்வதும் தாங்குவதுதான். பழந்தமிழில், மேற்கொண்டு போகவிடாமல் தடுப்பதும் தாங்குவதுதான். நாவை அடக்கு என்று சொல்லத்தான் வீட்டுக்கு வீடு இந்தப் பெயரை மாட்டி வைத்தார்களோ? எந்தப் பொருளைக் கொள்வது?"

அடிகள் வாய் திறப்பதற்குள் வாசலில் நிழலாடியது.

ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயது இருக்கலாம். உதடு கிழிந்து வீங்கியிருந்தது. கையெடுத்துக் கும்பிட்டாள், பேசவில்லை. அடிகள் உள்ளே கூட்டி வந்து உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார்.

சிவசைலம் கேள்விகளை அடுக்கினார்.

"யாரம்மா நீ? எந்த ஊர்? அடித்தது யார்? போலீசில் சொன்னாயா? பெற்றவர்கள் இருக்கிறார்களா?"

அவள் தரையைப் பார்த்தாள். கஞ்சிக் கிண்ணம் அப்படியே இருந்தது.

"புலவரே," என்றார் அடிகள். "பின்கட்டு அறைக் கதவுல நாதாங்கி கழண்டு கிடக்கு. அதை அடிச்சுக் கொடும். இவ அங்க தங்கட்டும்."

சிவசைலம் சுத்தியலும் ஆணியுமாகப் போனார். நிலையில் பழைய ஆணித் துளைகள் இருந்தன. அதே இடத்தில் நேராக, அழகாக அடித்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினால் நாக்கு போய் மரத்தில் முட்டியது. கதவைத் தோளால் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"கதவு இறங்கிப் போச்சு, சாமி. கோளாறு கதவில்தான்."

"கதவைத் திட்டி என்ன செய்ய? நாக்கு எங்க வந்து தொடுதோ, அங்க அடியும்."

அடிகள் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உள்ள இருக்கப்போறவ நீ. சாத்திப் பாத்துச் சொல்லுதியாம்மா?"

அவள் எழுந்து வந்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் நகரும் சத்தம் கேட்டது.

"கீழ," என்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் சொல் அதுதான்.

"எவ்வளவு கீழே?"

"ரெண்டு விரக்கடை. கோடு கிழிச்சிருக்கேன்."

கதவு திறந்தது. சிவசைலம் நாதாங்கியைப் பிடுங்கி அந்தக் கோட்டில் அடித்தார். அவள் மறுபடி சாத்தினாள். நாக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது.

கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து அழுகை கேட்டது. கதவைத் தட்டப் போன சிவசைலத்தை அடிகள் கையமர்த்தினார். முறத்தில் புளியைக் கொட்டி, கதவோரமாக உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் சிவசைலமும் உட்கார்ந்தார்.

வெயில் சாய்கிற நேரத்தில் அவள் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பேசினாள். பெயர் முப்பிடாதி. புருசன் ஆவுடையப்பன் எட்டு வருசமாக அடிக்கிறான். நேற்று அரிவாளை எடுத்துவிட்டான். அண்ணனிடம் போனால், 'அனுசரிச்சுப் போ' என்று வாயை அடைக்கிறான். மாமியார், 'வெளிய சொன்னா யாரு நம்புவா' என்கிறாள்.

அடிகள் "ம்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. சிவசைலத்துக்குக் கேள்வியும் ஆறுதலும் நாலைந்து தடவை தொண்டைவரை வந்தன. ஒவ்வொரு தடவையும் குனிந்து இன்னொரு புளியைப் பிரித்தார். அவள் சொல்லி முடித்தபோது முறம் காலியாகியிருந்தது.

மறுநாள் காலையில் ஆவுடையப்பன் தன் மாமனோடு வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு.

"வீட்டுல சின்ன மனஸ்தாபம், சாமி. கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. கூட்டிட்டுப் போறேன்."

"உள்ளதான் இருக்கா," என்றார் அடிகள்.

"என்ன சொன்னா?"

"நெறைய."

அவன் முகம் மாறியது. "பொம்பளப் பேச்சு. வெளிய விட்டுராதீக. குடும்ப மானம்."

"அது எம் பேச்சா இருந்தா விடுறதும் வைக்கிறதும் என் இஷ்டம். அவ பேச்சு. எப்ப கேக்காளோ அப்ப எடுத்துக் கொடுப்பேன்."

"முப்பிடாதி!" என்று கத்திக்கொண்டே அவன் பின்கட்டுக்கு ஓடினான். கதவை ஓங்கி மிதித்தான். கதவு அதிர்ந்தது. திறக்கவில்லை. மறுபடி காலைத் தூக்கியபோது குறுக்கே சிவசைலம் நின்றிருந்தார். எப்போது போய் நின்றார் என்பது அவருக்கே தெரியாது. இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"தள்ளும்யா, பெரியவரே!"

"முடியாது."

அப்போது உள்ளிருந்து தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. முப்பிடாதி வெளியே வந்தாள். புருசனை நேராகப் பார்த்தாள்.

"நான் வரல. ஸ்டேஷனுக்குப் போறேன்."

பிறகு அடிகளிடம் சொன்னாள்: "நேத்து சொன்னதை அங்கயும் சொல்லப்போறேன், சாமி. நீங்க கேட்டீகன்னு சொல்லணும்."

"வாரேன்."

ஆவுடையப்பன் என்னவோ சொல்ல வாயெடுத்தான். மாமன் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்.

அடிகள் மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"புலவரே, நீரும் வாரும்."

சிவசைலத்துக்கு இன்னும் மூச்சு வாங்கியது. "நான் வந்து அங்கே என்ன சொல்ல, சாமி?"

"சொல்ல அவ இருக்கா. சொல்லி முடிக்கிறவரைக்கும் பக்கத்துல நில்லும்."