ஒற்றை விசில்

ஊர் கேட்க உரக்கச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல் பொய்யானாலும் நாளை முதல் என் காபியில் சர்க்கரை கரையாமல் போகட்டும். முழுக்க முழுக்க நடந்தது இது.

திண்டுக்கல்லில் சோலையப்பன் என்று ஒருவர். முப்பத்தோரு வருஷம் பழனிக்கு அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற டிரைவர். போன மாசியில் அவருக்கு நெஞ்சு அடைத்தது. டாக்டரம்மா மாத்திரை கொடுத்து, தினமும் இருபது நிமிஷம் மெதுவாக சைக்கிள் மிதிக்கச் சொன்னார். அவசரப்பட்டு இன்னொரு தரம் நெஞ்சு அடைத்தால் பிழைப்பது கஷ்டம் என்றும் சொல்லி அனுப்பினார்.

மகள் ஒரு சைக்கிள் வாங்கி அனுப்பினாள். மிதித்தாலும் நின்ற இடத்திலேயே நிற்குமே, அந்த வகை. கூடத்தில் ஜன்னலோரம் வைத்தார்கள்.

ஏறுவதற்கு முன்பே சோலையப்பன் சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கினார். பஸ்ஸில் அப்படி உட்கார்ந்தே பழக்கம்.

"ஐயா, நான் உங்க இடுப்பு உயரத்துக்கு இருக்கணும். இப்படி இறக்கினா முட்டி போயிரும்" என்றது சீட்டு.

"நான் பார்க்காத சீட்டா?" என்று சொல்லி அவர் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சீட்டு எங்கே பேசுவது?

பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பு ஒரு வாய் குடிக்கச் சொல்லிக் கெஞ்சியது. வண்டி எடுக்கும்போது தண்ணீர் குடித்தால் வழியில் இறங்க வேண்டி வரும் என்று மறுத்துவிட்டார்.

அடுத்து அவருடைய மூச்சு வாய் திறந்தது. "காலையில பஸ்ஸை எடுக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இன்ஜினை ஓட விட்டு சூடு ஏத்துவீங்க. அந்த டீசல் இன்ஜினுக்குக் காட்டின மரியாதை எனக்குக் கிடையாதா?"

அவர் பதில் சொல்வதற்குள் மீட்டர் குறுக்கே விழுந்தது. ஹேண்டில் நடுவில் உட்கார்ந்து எண்களைக் காட்டும் அதற்கு முகஸ்துதியே தொழில். பழனி அறுபது கிலோமீட்டர்தான், அண்ணன் நினைத்தால் ஒன்றரை மணி நேரத்தில் கோயில் வாசல் என்று ஏற்றிவிட்டது. சோலையப்பன் எடுத்த எடுப்பிலேயே டாப் கியர்.

ரெட்டியார்சத்திரம் தாண்டியாச்சு என்றது மீட்டர். முட்டி வலித்தது. ஒட்டன்சத்திரம் கிட்ட வந்தாச்சு என்றது. சட்டை நனைந்தது. அந்த நேரம் பார்த்து மீட்டர் சொல்லக் கூடாததைச் சொன்னது:

"அண்ணே, பின்னாடி தனியார் பஸ் ஒட்டிக்கிட்டு வர்றான்."

அவ்வளவுதான். முப்பத்தோரு வருஷத்துப் பகை காலில் இறங்கியது. பெடல்கள் கண்ணுக்கே தெரியவில்லை. மூச்சு நெஞ்சுக்கும் தொண்டைக்கும் இடையில் முட்டி மோதியது, கத்தக்கூடத் தெம்பில்லை. முகம் வெளுத்தது. மிதியை மட்டும் விடவில்லை.

சமையலறையில் பருப்பு வைத்திருந்த குக்கருக்கு இது காதில் விழுந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று அதற்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூப்பிட்டால் இந்த மனிதர் கேட்க மாட்டார். ஆனால் பஸ் டிரைவர் யார் பேச்சை மீறினாலும் விசிலை மீற மாட்டார். ஒரு விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் கிளம்பு.

குக்கர் ஒரே ஒரு விசில் விட்டது.

சோலையப்பனின் கால் தானாகத் தளர்ந்தது. சடாரென்று நிறுத்தவில்லை, நின்றுகொண்டு வரும் பயணிகள் விழக் கூடாதே, அப்படி மெல்ல மெல்ல ஓரங்கட்டினார்.

இங்கேதான் ஆபத்து. இரண்டாவது விசில் வந்தால் மனிதர் மறுபடியும் கிளம்பிவிடுவார். குக்கரோ நிறைசூலி மாதிரி தவித்தது. பல்லைக் கடித்து அடக்கியது. சங்கதி புரிந்த அடுப்பு தன் தீயைத் தானே தணித்துக்கொண்டது.

சோலையப்பன் கழுத்தை மட்டும் திருப்பிக் கேட்டார்: "யாருப்பா இறங்கணும்?"

"நான்தான்" என்றது மூச்சு. "இன்னும் ரெண்டு நிமிஷம் போயிருந்தா ஓடுற வண்டியிலேயே குதிச்சிருப்பேன்."

அவர் சொம்பை எடுத்துக் குடித்தார்.

"இறங்காதே. நீ சொல்ற வேகத்துக்கே ஓட்டுறேன்" என்றார்.

அன்று முதல் சீட்டு இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதல் ஐந்து நிமிஷம் மாட்டுவண்டி வேகம். மீட்டர் மேல் ஒரு கைக்குட்டை. பழனி போய்ச் சேரப் பத்து நாள் ஆகிறது. தனியார் பஸ் எத்தனை தடவை முந்தினாலும் கையை ஆட்டி வழிவிடுகிறார்.

வீட்டுக்கார அம்மா மங்கையர்க்கரசிதான் பாவம். அன்றைக்குப் பருப்பு வேகாததற்குக் குக்கரின் ரப்பர்தான் காரணம் என்று புதிதாக வாங்கி மாட்டியிருக்கிறார். அடுப்பைத் தணித்தது யார் என்று இன்னும் விசாரணை நடக்கிறது. யார் சொன்னது என்று கேட்டால் என் பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த வீட்டுச் சாம்பார் எனக்கு வேண்டும்.