பரணியில் பிறக்காத பிள்ளை

கேளுங்கள் பெரியவர்களே, நீங்களும் கேளுங்கள் பிள்ளைகளே. ஊருக்கு ஒரு ராஜா இருந்த காலத்தில் அகளங்கன் என்றொரு ராஜா இருந்தான். அவனுக்குக் கோட்டை சொந்தம், படை சொந்தம், அறிவு மட்டும் இரவல். இரவல் கொடுத்தவர் அரண்மனைச் சோதிடர் திரிகாலநாதர்.

ராணி இளநங்கை தலைச்சன் பிள்ளையைச் சுமந்திருந்தாள். சோதிடர் விரல் மடக்கி எண்ணினார். "பங்குனிப் பரணியன்று உச்சி வேளையில் பிள்ளை பிறக்கும். பரணியில் பிறந்தவன் தரணி ஆள்வான்" என்றார். உடனே ராஜா, கல்யாண முகூர்த்தம் வைத்தவன்போலப் பந்தல் போட்டு, பக்கத்து ராஜாக்களுக்கெல்லாம் ஓலை அனுப்பினான்.

பரணி வந்தது. உச்சி வேளை வந்தது. விருந்தாளிகள் வந்தார்கள். பிள்ளை வரவில்லை. அதற்கு யாரும் ஓலை அனுப்பவில்லையே.

ராஜாவுக்கு மானம் போயிற்று. முதலில் வாசலில் முரசு அடிக்கச் சொன்னான். ராணிக்குத் தலைதான் வலித்தது. அடுத்து, நிறைசூலியை நந்தவனத்தைச் சுற்றி ஏழு முறை நடக்க வைத்தான், கால்தான் வீங்கியது. மூன்றாவதாகச் சோதிடரே ஒரு கஷாயம் காய்ச்சி எடுத்துவந்தார். "பொழுது சாய்ந்தால் பரணி போய்விடும். இதைக் குடித்தால் வலி எடுத்தே தீரும்" என்றார்.

மருத்துவச்சி மாராயி ராணியின் அறைவாசலில் மறித்து நின்றாள். அந்த ஊரில் பாதிப் பேர் அவள் கையில் பிறந்தவர்கள்.

"மகாராஜா, பிள்ளை உள்ளே நல்லா அசையுது. அம்மாவுக்கும் ஒரு குறை இல்ல. நாள் எண்ணுறதெல்லாம் குத்துமதிப்புதான். ரெண்டு வாரம் முந்தும், ரெண்டு வாரம் பிந்தும். மழைப்பேறும் பிள்ளைப்பேறும் மகாதேவனுக்கும் தெரியாதும்பாங்க. இந்தக் கஷாயத்தைக் குடுத்தா ரெண்டு உசிரும் போயிரும்."

"விலகு. இல்லையென்றால் உன் தலை போகும்" என்றான் ராஜா.

"போகட்டும். அதுக்கு முன்னால ஒண்ணு. ராணியம்மா வயித்துக்கு நேரம் குறிச்ச சாமி, தன் மூக்குக்குக் குறிக்கட்டும். அடுத்த நாழிகை மணி அடிக்கும்போது ஒரே ஒரு தும்மல் போடட்டும். போட்டா நான் விலகிக்கிறேன்."

சபையே சோதிடர் மூக்கைப் பார்த்துக் காத்திருந்தது. மணி அடித்தது. அவர் மூக்கைச் சுளித்தார், சூரியனை அண்ணாந்து பார்த்தார், துண்டைத் திரித்து மூக்கில் விட்டார். ஒன்றும் வரவில்லை. மிளகுப்பொடி வாங்கி மூன்று சிட்டிகை உறிஞ்சினார். மணி அடித்து வெகுநேரம் கழித்துத் தும்மல் வந்தது. நிற்காமல் வந்தது. ரத்தத்தோடு வந்தது.

"வராத தும்மலை வரவழைச்சதுக்கே இவ்வளவு ரத்தம். பிள்ளையை வரவழைச்சா என்ன ஆகும் மகாராஜா?" என்றாள் மாராயி.

ராஜா திரும்பி, அறைக்குள் இருந்த ராணியின் முகத்தைப் பார்த்தான். அன்றைக்கு அப்போதுதான் பார்த்தான். பயத்தில் வெளுத்திருந்தது. கஷாயத்தைக் கொட்டச் சொல்லிவிட்டுத் தலைகுனிந்து போனான்.

ஒன்பது நாள் கழிந்தது. பந்தல் பிரிக்கப்பட்டு, விருந்தாளிகள் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, ராஜா எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நேரத்தில் ராணிக்கு வலி எடுத்தது. பெண் பிள்ளை பிறந்தது. தாயும் சுகம், சேயும் சுகம்.

சோதிடர் புது ஓலையோடு ஓடிவந்தார். "இந்த நாளைத்தான் நான் அப்போதே மனத்தில் குறித்து வைத்திருந்தேன்" என்றார். வெட்கம் கெட்ட மனிதர்.

ராணி படுத்தபடியே சொன்னாள்: "அவரை வெளியே போய்ப் பேசச் சொல்லுங்க. பிள்ளை தூங்குது."

பிள்ளை பிறக்கும் நாளை நாம் எண்ணி வைக்கலாமே தவிர ஏவ முடியாது, ஏவத் துணிகிறவன் ராஜாவே ஆனாலும் மூடன்தான்.