இருசப்பனின் ஆயிரம் காசுப் போர்வை

தர்மபுரியில் அறிவாளிகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்களெல்லாம் வேறு எங்கோ போய்விடுவார்கள். தேவசேனா அக்கா வீட்டு மாடிக்கு வந்து சேருகிறவர்கள் இருசப்பன், குணசீலன், மாதேசு மூவர்தான்.

அங்கே நடப்பது ஒரு மேஜை விளையாட்டு. அக்கா கதை சொல்லுவார். இவர்கள் அந்தக் கதைக்குள் வீரர்கள். பகடை விழுவதைப் பொறுத்து பூதம் சாகும், அல்லது இவர்கள் சாவார்கள். பெரும்பாலும் இவர்கள்தான்.

இருசப்பன் கதைக்குள் மாதக்கணக்கில் காசு சேர்த்தான். அரண்மனையில் எலி பிடித்தான், ராஜாவின் கழுதையைக் குளிப்பாட்டினான். ஆயிரம் பொற்காசு சேர்ந்ததும் நேரே சந்தைக்குப் போய் மாயப்போர்வை ஒன்றை வாங்கிவிட்டான். போர்த்திக்கொண்டால் ஆள் யார் கண்ணுக்கும் தெரியமாட்டான்.

"ஆயிரமா!" மாதேசு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். "அந்தக் காசுக்கு மூணு குதிரை வாங்கி, அதுங்களுக்கு ஆயுசுக்கும் கொள்ளு போட்டிருக்கலாமேடா. வித்துடு."

"வித்துடறதுதான் நல்லது," என்றான் குணசீலன். "இவ்வளவு விலை குடுத்ததை எப்படிடா வெளியே எடுக்கறது? அழுக்காயிடும்."

கதையிலும் சரி, வீட்டிலும் சரி, இருசப்பனிடம் இப்படி ஒரு நல்ல பொருள் இருந்ததே இல்லை. "விக்க மாட்டேன். போட்டுக் காட்டறேன், பார்த்துட்டுச் சொல்லுங்க," என்றான்.

"போட்டா எப்படிடா பார்க்கறது?" என்று குணசீலன் நியாயமாகவே கேட்டான்.

அன்றைய கதையில் மூவரும் ஒரு குகைக்குள் நின்றார்கள். எதிரே பூதம். அக்கா சொன்னார்: "சரி, இருசப்பன் போர்த்திக்கிட்டான். இனிமே அவன் யாருக்கும் தெரியமாட்டான்."

இரண்டு பேரும் இருசப்பனின் நாற்காலியைப் பார்த்தார்கள். பிறகு அவனுக்குப் பின்னால் இருந்த காலண்டரைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்து அக்கா வாழைக்காய் பஜ்ஜித் தட்டை மேஜையில் வைத்தார். குணசீலன் அதை இரண்டு பங்காகப் பிரித்தான்.

"டேய், எனக்கு?"

மாதேசு திடுக்கிட்டான். "குரல் மட்டும் வருதுடா!"

"பாவம், எங்கே நிக்கறானோ," என்று குணசீலன் வருத்தத்தோடு இருசப்பனின் பஜ்ஜியைத் தின்றான். "இருந்திருந்தா சட்னி கேட்டிருப்பான்."

இருசப்பன் எட்டித் தட்டை இழுத்தான். தட்டு தானாக நகருகிறது என்று அலறிய மாதேசு அதை மார்போடு அணைத்துக்கொண்டான். இருசப்பனால் கோபப்படவும் முடியவில்லை. போர்வை சொன்னபடி வேலை செய்கிறது, அதில் என்ன குறை சொல்வது?

ஆனால் வயிறு கேட்கவில்லை. "அக்கா, கழட்டிடறேன்," என்றான்.

"கழட்டினா பூதம் உன்னைப் பார்த்துடும்டா. ஒரே வாய்தான்."

போர்த்தினால் பஜ்ஜி இல்லை. கழற்றினால் அவனே பூதத்துக்குப் பஜ்ஜி. இருசப்பன் அழும் நிலைக்கு வந்துவிட்டான். தட்டிலோ ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

"குரலே, நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு," என்றான் குணசீலன். "நாம ஏன் பயப்படறோம்?"

"பூதத்தைப் பார்த்து."

"பார்க்கலைன்னா?"

"பயமில்லை."

"அப்போ போர்வையைப் பூதத்துக்குப் போர்த்திடு."

மாதேசு மெதுவாகத் தலையாட்டினான். "இப்பத்தான்டா ஆயிரத்துக்கு அர்த்தம் தெரியுது."

இருசப்பன் பகடையை உருட்டினான். என்றைக்கும் விழாத பெரிய எண் அன்றைக்கு விழுந்தது. போர்வை பூதத்தின் மேல் விழுந்தது, பூதம் மறைந்தது.

"வந்துட்டியாடா!" இருவரும் இருசப்பனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். கடைசி பஜ்ஜியை அவன் கையில் கொடுத்தார்கள்.

"டேய், பூதம் அங்கேயேதான்டா நிக்குது!" என்றார் அக்கா. "இப்போ குணாவைக் கடிக்குது."

குணசீலன் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தான். "யாருமே இல்லையேக்கா."

"கண்ணுக்குத் தெரியாம கடிக்குதுடா!"

"நல்ல சரக்குக்கா," என்றான் இருசப்பன் பெருமையாக. "துளிகூடத் தெரியலை பாருங்க."

அக்கா மூன்று பேரையும் ஒரே வரியில் கொன்றார். கதவை அறைந்து சாத்திவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

மூவரும் அக்காவின் காலி நாற்காலியைப் பார்த்தார்கள்.

"அக்காவும் ஒண்ணு வாங்கிட்டாங்கடா," என்றான் குணசீலன்.

"கடைக்காரன் என்ன விலை சொல்லி ஏமாத்தினானோ," என்று மாதேசு கவலைப்பட்டான்.

இருசப்பன் வாய்வரை கொண்டுபோன பஜ்ஜியை இறக்கினான். போர்வைக்குள் இருக்கிறவர்களின் பசி அவனுக்குத்தான் தெரியும். பஜ்ஜியைத் தட்டில் வைத்து, சட்னியோடு நாற்காலிக்கு முன்னால் நகர்த்தினான்.

"கூச்சப்படாம சாப்பிடுங்கக்கா," என்றான். "நாங்க பார்த்தாலும் தெரியாது."