ஏழு வயதுப் பெரியவர்

"பாதியாகக் குறைத்தாயிற்று, மகாராஜா!" என்று ஓலையை நீட்டினார் அமைச்சர் திருவம்பலர்.

அவைப்புலவர் செங்காட்டாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓராண்டுக்குள் நாட்டில் ஏழைக் குழந்தைகள் பாதியாகிவிட வேண்டும் என்பது அரசர் கீர்த்திபாலர் வைத்த இலக்கு. திட்டம் வகுக்க நான்கு குழுக்கள் போட்டார்கள். நான்கும் பதினொரு மாதம் விருந்து சாப்பிட்டன.

"எப்படிச் சாதித்தீர்?" என்றார் புலவர்.

"இதுவரை பதினாறு வயது வரை குழந்தை. இனி ஐந்து வயது வரைதான். அதற்கு மேல் எல்லாரும் பெரியவர்கள்."

"அந்தப் பெரியவர்களும் ஏழைகள்தானே?"

"இருக்கட்டுமே. ஏழைப் பெரியவர்களைக் குறைக்க நமக்கு இலக்கு எதுவும் இல்லை."

அரசர் மீசையைத் தடவினார். "நான் முத்திரை வைக்கவேண்டுமா?"

"காலையிலேயே வைத்துவிட்டீர்கள்."

"படித்தேனா?"

"வழக்கம்போல, மகாராஜா."

செங்காட்டார் நேரே கிழக்கு வாசல் கஞ்சிச்சாலைக்குப் போனார். அங்கே ஒரே ரகளை. எட்டு வயதுச் சிறுமியை வரிசையிலிருந்து விலக்கி, "உனக்குக் கஞ்சி கிடையாது. நீ பெரியவளாயிட்ட" என்று சொல்லிவிட்டான் சமையற்காரன்.

"எம் பிள்ளையப் பார்த்து என்ன பேச்சுடா பேசற?" என்று அவனுடைய அகப்பையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள் தாய்.

"ஓலையில அப்படித்தான் இருக்கு, தாயே!"

புலவருக்குச் சிரிப்பு வந்தது. காலிச் சட்டியோடு ஒதுங்கி நின்ற பிள்ளைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

சற்று நேரத்தில் அரசவைக்குள் நாதசுரம் முழங்கியது. முன்னால் புலவர். பின்னால் பூரணகும்பத்தோடு புரோகிதர். நடுவில், பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் தவிக்கும் இளவரசன் அதியன்.

"என்ன விசேஷம்?" என்றார் அரசர்.

"பட்டாபிஷேகம்."

"யாருக்கு?"

"இந்த ஏழு வயதுப் பெரியவருக்கு."

அதியன் அரசரின் காலஞ்சென்ற அண்ணன் மகன். அவன் குழந்தையாக இருக்கும்வரைதான் சித்தப்பாவுக்கு அரியணை. குழந்தைப் பருவம் தாண்டிய அன்றே முடியை அவனிடம் கொடுத்துவிட வேண்டும். குலச் சட்டம் அப்படி. இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறதே என்று யாரும் அதை நினைத்துப் பார்ப்பதில்லை.

"அவன் குழந்தைய்யா!" என்று அலறினார் அரசர்.

"ஓலை அப்படிச் சொல்லவில்லையே. முத்திரைகூடத் தங்களுடையதுதான்."

"கிழித்துப் போடு அந்த ஓலையை! பதினாறு வரைக்கும் குழந்தைதான்!"

"எழுத்தரே, அரசர் வாக்கை அப்படியே எழுதிக்கொள்ளும். கஞ்சிச்சாலைக்கு ஒரு நகல் போகட்டும்" என்றார் புலவர். "அமைச்சரே, உம் இலக்குக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. குழுக்களின் விருந்தைக் கிழக்கு வாசலுக்கு அனுப்பினால் எட்டிவிடலாம்."

அரசருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்குப் போட்டார். அவை முழுக்கச் சிரித்தது. அமைச்சரும் சிரித்து வைத்தார்.

சிரித்தபடியே அரசர் ஒரு கையால் கிரீடத்தைத் தலையில் நன்றாக அழுத்திக்கொண்டார்.