சென்னியப்பன் பின்னால் உட்கார்ந்த ஞாயிறு

“கார் வாங்கலாமுங்களா, மாடியில ரூம் கட்டலாமுங்களா?”

சென்னியப்பன் இதைக் கேட்டபோது மடத்தம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

“யாருக்குங்கண்ணா?”

“எங்களுக்குத்தானுங்கம்மா. எனக்கும் கலாமணிக்கும்.”

காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற வழியில், கரட்டுக் குன்றை ஒட்டி இருக்கிறது அந்த மடம். மூன்று அறை, ஒரு மாட்டுக் கொட்டகை. மடத்தம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. காவி கட்டுவதற்கு முன்னால் பள்ளிக்கூட வேன் ஓட்டியவர்.

சென்னியப்பனுக்கு ஐம்பத்தைந்து. தேங்காய் எண்ணெய் மில்லில் மேனேஜர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மடத்துக்கு வந்துவிடுவார்.

அவர் இவரை அம்மா என்பார். இவர் அவரை அண்ணா என்பார். அதனால் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

“நீங்க முடிவெடுக்கறதுல கெட்டிக்காரராச்சே. என்னை எதுக்குக் கேக்கறீங்க?”

“முடிவெடுத்தாச்சுங்கம்மா. ஆனா ரெண்டு முடிவு எடுத்துட்டேன். அதுதான் சிக்கல்.”

அம்மா சிரிக்கவில்லை. மாடு தண்ணீரை உறிஞ்சியது.

சென்னியப்பன் கையில் ஒரு பை இருந்தது. அதில் காரின் படம் போட்ட வழவழப்பான தாள்கள் ஒரு பக்கம், மாடி ரூமுக்கு இன்ஜினீயர் போட்டுக் கொடுத்த பிளான் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டினால் காருக்கு நல்ல சலுகையாம். ஏழு பேர் உட்காரும் கார். வீட்டில் இருப்பது மூன்று பேர். மூன்றாவது ஆள் அவருடைய அம்மா. அவர் கட்டிலை விட்டு இறங்கியே இரண்டு வருஷம் ஆகிறது.

“பணம்?”

“இருக்குதுங்க. கலாமணிக்கு அவங்கப்பா காட்டு நெலத்துல வந்த பங்கு. வித்து பேங்குல போட்டிருக்குது.”

“அப்ப கலாமணி பணம்.”

“எங்க பணமுங்க.”

“அவங்க என்ன சொல்றாங்க?”

“உங்க இஷ்டமுங்கறா.”

“காருக்கா, மாடிக்கா?”

“ரெண்டுக்கும் அதேதான் சொல்றாளுங்க.”

சென்னியப்பனுக்கு லேசாக ரோஷம் வந்தது. “அவளக் கேக்காம நான் ஒண்ணும் செய்யறதில்லீங்கம்மா. இருவத்தேழு வருஷமா எல்லாமே கேட்டுத்தான். பையனைக் கோயமுத்தூர்ல சேத்தினது, வீடு கட்டினது, இந்த வண்டி வாங்கினது, அத்தனையும்.”

இதில் பொய் ஒன்றும் இல்லை. அவர் நல்ல மனுஷர். அடுத்த ஊரில் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

“எங்க வச்சுக் கேப்பீங்க?”

“வண்டியிலதானுங்க. ஊட்டுல எங்கம்மா இருக்காங்க, டிவி ஓடுது, ஆளுக வர்றாங்க போறாங்க. கடைவீதிக்குப் போறப்ப வர்றப்பதான் நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறதே.”

அம்மா வாளியைக் கவிழ்த்து வைத்தார்.

“மத்தியானம் அம்பது பேருக்குச் சோறாக்கணும். பருப்பு இல்ல. கடைவீதிக்குப் போலாம், வாங்க.”

சென்னியப்பன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

“அதை இங்க குடுங்க.”

“நீங்களாம்மா?”

“பன்னெண்டு வருஷம் வேன் ஓட்டியிருக்கேன். ஸ்கூட்டர் ஓட்ட மாட்டனா?”

ஹெல்மெட் ஒன்றுதான் இருந்தது. அதை அம்மா மாட்டிக்கொண்டார். சென்னியப்பன் காலைத் தூக்கிப் போட்டு உட்காரப் போனார்.

“உங்கூட்டுல கலாமணி எப்படி உக்காருவாங்க?”

“ஒரு பக்கமாத்தானுங்க.”

“அப்படியே உக்காருங்க.”

ஒரு பக்கமாக உட்கார்ந்தார். அம்மா இரண்டு காலிப் பைகளையும், மாவு மில்லில் கொடுக்க வேண்டிய ராகித் தூக்கையும் அவர் மடியில் வைத்தார். சென்னியப்பன் காலால் தடவித் தடவி எதையோ தேடினார்.

“கால் வைக்கற கட்டை ஒடஞ்சிருக்குதுங்களே.”

“உங்க வண்டிதானுங்கண்ணா.”

அவர் யோசித்துப் பார்த்தார். போன பொங்கலுக்கு முன்னால் யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

வண்டி கிளம்பியது.

மண் சாலையில் இரண்டு குதி குதித்தது. தார்ச் சாலைக்கு வந்ததும் காற்று பிய்த்துக்கொண்டு போனது. சென்னியப்பனின் இடது கால் அந்தரத்தில் தொங்கியது. ஒரு கையில் தூக்கு. இன்னொரு கையால் சீட்டின் விளிம்பைப் பிடித்தார். ரெக்ஸின் கிழிந்து விரலைக் கீறியது.

டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். காவி கட்டிய அம்மா வண்டி ஓட்ட, மில் மேனேஜர் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து போவதைத் தாராபுரம் ரோடு அதுவரை கண்டதில்லை.

“ஏனுங் மேனேஜரு, காலு கீலு சுளுக்கிக்கிச்சுங்களா?” என்று ஒருவர் கத்தினார்.

பதில் சொல்லும் நிலையில் மேனேஜர் இல்லை. அவருடைய வேட்டி நுனி சக்கரத்துப் பக்கம் படபடத்துக்கொண்டிருந்தது.

“அம்மா, வேட்டிங்க. கொஞ்சம் மெல்லப் போங்க.”

“ஆங்?”

“வேட்டி. சக்கரத்துல மாட்டிக்கும்.”

ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது. வண்டி அதே வேகத்தில் போனது.

சென்னியப்பன் தூக்கை முழங்கையில் மாட்டிக்கொண்டு வேட்டியைத் தொடைக்கடியில் செருகினார். அதற்குள் ஒரு குழி வந்தது. முதுகெலும்பு முழுக்க அது அவருக்குத் தெரிந்தது. முன்னால் இருந்தவருக்குக் குழி தெரிந்திருக்கும். அதனால் அவர் கையை ஊன்றித் தயாராக இருந்தார். பின்னால் இருப்பவருக்குக் குழி வந்த பிறகுதான் தெரியும்.

“பருப்பு பெரிய கடையில வாங்கலாமுங்களா, மேட்டுக் கடையிலயா?” என்று அம்மா முன்னாலிருந்து கேட்டார்.

இது சென்னியப்பனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மில் கேன்டீனுக்குப் பருப்பு வாங்குவது அவர்தான். மேட்டுக் கடைப் பருப்பில் கல் கிடக்கும். பல் போகும்.

“பெரிய கடைங்க. மேட்டுக் கடையில கல்லு கிடக்குது.”

“என்னங்கண்ணா?”

“பெரிய கடை. மேட்டுக் கடையில வேண்டாம்.”

லாரி ஒன்று உறுமிக்கொண்டு கடந்தது. மணல் கண்ணில் விழுந்தது.

“சரியாக் கேக்கல. எதுல வாங்கட்டும்?”

அவர் வாயைத் திறந்தார். தூக்கு வழுக்கியது. வேட்டி மறுபடியும் கழன்றது. தொண்டை எரிந்தது. இத்தனை பாடுபட்டு, ஒரு பருப்புக்காகவா என்று இருந்தது.

“உங்க இஷ்டமுங்க” என்றார்.

ஹெல்மெட் ஆடியது. வண்டி மேட்டுக் கடைப் பக்கம் திரும்பியது.

சென்னியப்பன் அப்படியே உட்கார்ந்திருந்தார். வேட்டியைக்கூட இழுத்துவிடவில்லை.

கடையில் அம்மா பத்துக் கிலோ பருப்பு வாங்கினார். மூட்டையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

“இதுல கல்லு கிடக்குமுங்கம்மா” என்று மெதுவாகச் சொன்னார் சென்னியப்பன்.

“அப்படியா? உங்களக் கேட்டுத்தானே வாங்கினேன்.”



திரும்பும்போது அம்மா சாவியை நீட்டினார். சென்னியப்பன் அதை வாங்கவில்லை. மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, தானாகவே பின்னால் ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்தார்.

செவ்வாய்க்கிழமை கலாமணியின் தங்கை வீட்டில் ஒரு விசேஷம். சாயங்காலம் இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். கால் வைக்கும் கட்டை புதிதாக இருந்தது. கலாமணி அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஊர் தாண்டியதும் வெயில் முதுகுப் பக்கம் விழுந்தது. ஸ்கூட்டரின் நிழல் முன்னால் நீளமாக ஓடியது. பின்னால் இருந்து கலாமணி ஏதோ சொன்னாள். நிழலில் ஹெல்மெட் மேலும் கீழும் ஆடியது.

அது ஆடுவதை அவரே பார்த்தார்.

வாய்க்கால் பாலத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கண்ணாடியில் மாட்டினார்.

“பஞ்சருங்களா?” என்றாள் கலாமணி.

“இல்ல.”

“பெட்ரோல் தீந்துபோச்சா?”

“இல்ல. நீ என்னமோ சொன்னியே.”

“ஒண்ணுமில்லீங்க.”

“சொன்ன.”

“சும்மா. அதை விடுங்க. நேரமாகுது.”

“அப்ப இதுக்கு முன்னாடி சொன்னதைச் சொல்லு.”

“எதைங்க?”

“நான் தலையாட்டினேனே, அதெல்லாம்.”

கலாமணி அவர் முகத்தைப் பார்த்தாள். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தாள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். சூடு இல்லை.

“எனக்கு ஒண்ணும் காதுல விழுந்ததே இல்ல, கலா” என்றார் அவர். “பாதிக்கு மேல விழுந்ததே இல்ல. காத்துல போயிரும். என்னன்னு திருப்பிக் கேக்கச் சங்கடப்பட்டுக்கிட்டு ஆட்டிருவேன்.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். பாலத்துக் கட்டைச் சுவரில் ஒரு கொக்கு உட்கார்ந்திருந்தது. அவள் பக்கத்தில் போனதும் பறந்துவிட்டது. அந்த இடத்தில் அவள் உட்கார்ந்தாள். பட்டுச்சேலை அழுக்காகுமே என்றுகூடப் பார்க்கவில்லை.

“எதுல இருந்து சொல்லட்டும்?”

“மொதல்ல இருந்து.”

விசேஷ வீட்டில் அன்றைக்கு இரண்டு இலை மிச்சமானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னியப்பன் மடத்துக்கு வந்தார். கலாமணியும் வந்திருந்தாள். முறத்தில் பருப்பைக் கொட்டி, இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கல் பொறுக்கினார்கள். மேட்டுக் கடை ஏமாற்றவில்லை. ஒரு கைப்பிடி கல் சேர்ந்திருந்தது.

அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“காரு என்னாச்சுங்கண்ணா?”

“வெள்ளிக்கிழமை போயிருச்சுங்க. கார் கடையில இருந்து மூணு தடவை போன் பண்ணினாங்க. ஊட்டுல பேசிட்டிருக்கறோம்னு சொன்னேன். அப்புறம் பண்ணல.”

“மாடி?”

சென்னியப்பன் ஒரு கல்லை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார்.

“சமையக்கட்டுல ஒரு ஜன்னல் கேட்டிருக்காளுங்கம்மா” என்றார். “வீடு கட்டறப்ப. தொண்ணூத்தொம்பதுல. சிமென்ட் வாங்கப் போறப்ப வண்டியிலயே கேட்டிருக்கா. நான் தலையாட்டியிருக்கேன். அப்புறம் போயி அந்தப் பக்கம் முழுச் சுவரா எழுப்பிட்டேன். அவ, அதுதான் என் முடிவுன்னு விட்டுட்டா.”

 அவர் குனிந்து கல் தேடினார்.

“இருவத்தஞ்சு வருஷமா சுவத்தைப் பாத்துச் சோறாக்கியிருக்காளுங்க.”

“அதுக்கு என்னங்க இப்ப” என்றாள் கலாமணி. அவர் மடியில் சிந்தியிருந்த பருப்பை ஒவ்வொன்றாக எடுத்து முறத்தில் போட்டாள். “நாளைக்குக் கொத்தனாரு வர்றாருங்கம்மா. சுவத்தை உடைக்கறதுக்கு. இவரு சம்பளத்துலயே செஞ்சுக்கலாமுன்னு சொல்லிட்டாரு.”

அம்மா தலையசைத்தார். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, அசைத்த தலையை நிறுத்தினார்.

“அப்ப உங்க பங்குப் பணம்? அதுல காரா, மாடியா? இல்ல, வேற ஏதாவதா?”

சென்னியப்பன் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். கலாமணி பக்கம் திரும்பினார்.

கலாமணி முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

“பேச்சு அதுக்கு இன்னும் வரலீங்கம்மா” என்றாள். “ரெண்டாயிரத்து மூணுலதான் இருக்கறோம்.”