கொள்ளிடம் தாண்டிய மரக்குதிரை

தில்லைக்கண்ணு அளந்துவிடுவதை எங்கள் ஊரில் யாரும் தடுப்பதில்லை. தடுத்தால் இன்னும் ரெண்டு முழம் கூடத்தான் வரும். ஆனால் அன்றைக்கு நாகலிங்க ஆசாரியின் மரப்பட்டறையில் அவன் விட்ட புளுகை நாங்கள் உட்கார்ந்து கேட்டோம் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. திருவிழா எட்டாம் நாள் சாமி ஏறி வரவேண்டிய மரக்குதிரைக்கு இடது முன்னங்கால் விரிசல் விட்டிருந்தது.

மரம் சொத்தை என்று முடிவானால் அடுத்துச் செய்யவேண்டிய யானை வாகன வேலை ஆசாரிக்குக் கிடையாது. ஃபைபரில் செய்து தருகிறேன் என்று ஒரு பட்டணத்துக் கம்பெனி எங்கள் வாசலிலேயே தவம் கிடக்கிறது. விசாரிக்கக் கோயில் கமிட்டியிலிருந்து தலைவர் கலியமூர்த்தி, மங்களம் டீச்சர், நான் மூன்று பேரும் போயிருந்தோம். தில்லைக்கண்ணுவும் கமிட்டிதான். போன வாரம் வேலையைப் பார்த்துவர அவனைத்தான் அனுப்பினோம். எங்கள் புத்தியை என்ன சொல்ல. அவன் வந்த நேரம் ஆசாரி சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் ஆளைக் காணோம், காலில் விரிசல் மட்டும் இருந்திருக்கிறது.

குதிரை பின்னங்கால்களைப் பலகையில் ஊன்றி, முன்னங்கால் ரெண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது. ஆசாரி மடியில் ஒரு கட்டையை வைத்துப் பேசாமல் செதுக்கிக்கொண்டிருந்தார். தில்லைக்கண்ணு பட்டறையை ஒரு இளக்காரப் பார்வை பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"நான் வந்தப்ப இது குதிரையாவா இருந்துச்சு? நனைஞ்ச கழுதையாட்டம் நின்னுச்சு. பாவமேன்னு உளியை எடுத்தேன். கழுத்துல ஒரே ஒரு சீவல், அரிசி முனை அளவு. உசுரு வந்து கனைச்சுச்சு பாருங்க, மூணு தெரு மாடும் கயித்தை அறுத்துக்கிட்டு ஓடிப்போச்சு."

அப்புறம் குதிரை வாசலைத் தாண்டிப் பாய்ந்ததாம். இவன் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினானாம். கும்பகோணம் பஸ்ஸை முந்தியபோது கண்டக்டர் எட்டிப்பார்த்து, குதிரைக்கு அரை டிக்கெட் போதுமா என்று கேட்டாராம்.

மங்களம் டீச்சர் முப்பது வருஷம் பொய்க் காரணங்களைக் கேட்டுத் தேறியவர். வால் இன்னும் ஆசாரி மடியில்தானே இருக்கிறது என்று கட்டையைக் காட்டினார். தில்லைக்கண்ணு அசரவில்லை. கயிறு என்று சொல்ல வந்தேன், வாய் தவறிவிட்டது என்றான். அவன் வாய் தவறாத நாளை நான் பார்த்ததில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்ததாம். ரயில்தான் நின்று வழி விட்டதாம். அடுத்தது கொள்ளிடம், ரெண்டு கரையும் முட்டத் தண்ணீர். குதிரை ஒரே தாவாகத் தாவி, நடு ஆற்றுக்கு மேலே போகும்போது தாகமெடுத்து, கழுத்தைத் தாழ்த்தி நாலு மடக்குக் குடித்துவிட்டு மிச்சத் தூரத்தைத் தாண்டியதாம்.

"அதுக்குள்ள தண்ணி ஒரு முழம் இறங்கிடுச்சு. ஆசாரி சாப்பிட்டுக் கை கழுவுறதுக்குள்ள பட்டறைக்குத் திரும்பியாச்சு. வந்து இறங்குறப்பதான் கால் விட்டுக்குச்சு. உசுரு நான் கொடுத்தது, கெட்டியாத்தான் இருக்கு. கால் இவர் கொடுத்தது, தாங்கல. இந்த மரத்தை நம்பி யானை வேற செய்யப் போறீங்களாக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாய்ச்சவடாலில் ஒருத்தர் வேலை போகப் பார்க்கிறது. தலைவரோ, கால் விட்டது விட்டதுதானே என்ற முகத்தோடு விரிசலைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஆசாரி அப்போதுதான் உளியைக் கீழே வைத்தார். "ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். இதுக்கு நான் இன்னும் கண்ணே திறக்கலியே. எப்படி வழி தெரிஞ்சுது?"

குதிரையைப் பார்த்தோம். வாகனத்துக்குக் கண்ணைக் கடைசியில்தான், நல்ல நாள் பார்த்துச் செதுக்குவார்கள். அதுவரை அந்த இடம் வெறும் மேடு.

தில்லைக்கண்ணுவுக்குக் கதையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. இதுகூடத் தெரியாதா என்பதுபோல் சிரித்தான். "அதுக்குத்தானேய்யா நான் மேல உக்காந்து வழி சொல்லிக்கிட்டே வந்தேன்."

மங்களம் டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாமியைத் தவிர எவரும் ஏறக்கூடாத வாகனம் அது. ஆசாரி மட்டும் மரியாதையாகவே கேட்டார், இவ்வளவு உயரத்தில் எப்படி ஏறினீர்கள் என்று.

"என்ன பெரிய உசரம்? தூக்கி நிக்குதே இடது கால், அதுல ஒரு மிதி. ஏறிட்டேன்."

சொன்ன பிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது.

தலைவர் காலிலிருந்து கையை எடுத்தார். "ஆசாரி, எட்டாம் நாளுக்குள்ள காலை மாத்திடுங்க. யானைக்கும் நீங்களே மரம் பாருங்க. இந்த ஆளை இனிமே இந்தப் பக்கமே அனுப்ப மாட்டோம்."

ஆசாரி மறுபடி உளியை எடுத்துக்கொண்டார். "வரட்டுமே. யானைக்கு நாலு காலும் தரையிலதான் இருக்கும்."